முக்காட்டுக்குள் ஓடிய அலை

என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னதும் பாதிப் பேர் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிட்டு என்னை உற்றுப் பார்ப்பார்கள். பிறகு சிரித்துக்கொண்டே, அவர்கள் மனதில் நினைப்பது எனக்குத் தெரிந்துவிடுமா என்று கேட்பார்கள். தெரியாது. நான் மாத்தளைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஈ.ஈ.ஜி. எடுப்பவள். மூளை வேலை செய்யும்போது எழுகிற மிக மெல்லிய மின்சாரத்தைத் தலைத்தோலின் மேலிருந்து பிடித்து, திரையில் கோடுகளாக ஓடவிட்டுப் பதிவுசெய்வேன். அந்தக் கோட்டில் ஒருவரின் நினைப்பு தெரியாது. விழித்திருக்கிறாரா, அசந்துபோகிறாரா, உறங்கிவிட்டாரா என்பது தெரியும். வலிப்பின் தடயமும் தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால்.

பயிற்சிக் காலத்தில் முதல்முதலாக ஒருவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தேன். அதுவரை கசகசவென்று ஓடிக்கொண்டிருந்த கோடுகள், இமை விழுந்த மாத்திரத்தில், தலையின் பின்பக்கத்தில் ஒழுங்கான அலைகளாக எழுந்தன. கண்ணைத் திறந்ததும் அடங்கின. மறுபடி மூடச் சொன்னேன். மறுபடி எழுந்தன. அந்த மனிதரை எத்தனை தடவை அப்படிச் செய்ய வைத்தேனோ, பொறுப்பாக இருந்த டொக்டர் வந்து, போதும், அவர் வீட்டுக்குப் போகட்டும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. வருடங்கள் ஓடிவிட்டன. அந்த அலை எழும்போது இன்றைக்கும் எனக்குள் ஏதோ துள்ளும்.

ஆனால் இந்த வேலையில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. வலிப்பு நாங்கள் கொடுத்த திகதிக்கு வராது. லக்கல, நாவுல, கலேவெல என்று தூரத்து ஊர்களிலிருந்து ஆட்கள் முதல் பஸ்ஸைப் பிடித்து வருவார்கள். எண்ணெய் வைக்காமல் தலையைக் கழுவிவிட்டு வரச் சொல்லியிருப்போம். களிம்பு பூசி, கம்பிகளை ஒவ்வொன்றாக ஒட்டி, அரை மணி நேரம்போல் படுக்கவைத்துப் பதிவெடுப்பேன். அந்த நேரத்தில் மூளை நல்ல பிள்ளையாக இருக்கும். சாதாரணம் என்று முடிவு போகும். திரும்பிப் போகும் வழியில் பஸ் ஸ்டாண்டிலேயே அவர்கள் விழுந்தாலும் எங்கள் தாளில் சாதாரணம்தான்.

அதனால்தான் அந்தப் பெட்டி வந்த நாள் எனக்குத் தேர்த்திருவிழா மாதிரி இருந்தது. ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழு, வீட்டிலும் வேலைத்தலத்திலும் அணிந்துகொண்டே இருக்கக்கூடிய மூளைப் பதிவுக் கருவியை எங்கள் மாவட்டத்தில் பரிசோதிக்க விரும்பியது. எங்கள் நரம்பியல் டொக்டர் சம்மதித்து, பதிவுகளைப் பார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். கருவியோடு வந்தவர் ஒரு பெண் எஞ்சினியர். சிங்களத்தில் வேகவேகமாகப் பேசுவார், பேசிக்கொண்டே கையால் படம் வரைவார். முதல் நாளே எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது.

பெட்டியைத் திறந்தால், இரண்டு விரல் அகலத்தில் ஒரு மெல்லிய துணிப் பட்டி. உள்பக்கம் நெற்றிப்பொட்டு அளவில் உணரிகள். காதுக்குப் பின்னால் உட்காருகிற, தீப்பெட்டியைவிடச் சின்னதான ஒரு டப்பா. அவ்வளவுதான். அலை அந்த டப்பாவிலிருந்து அணிந்தவரின் போனுக்குப் போகும், போனிலிருந்து எங்கள் டெப்புக்கு, அந்தக் கையகலத் தொடுதிரைக் கணினிக்கு, வரும். நான் இத்தனை வருடம் தள்ளிக்கொண்டு திரிந்த இயந்திரம் ஒரு மேசையளவு இருக்கும்.

யார் தலையில் முதலில் போடுவது என்று எஞ்சினியர் கேட்டு முடிக்குமுன் நான் கொண்டையை அவிழ்த்துவிட்டேன். கண்ணை மூடினேன். ஒரு கண்ணை மட்டும் மெல்லத் திறந்து டெப்பைப் பார்த்தால் அலை ஓடிவிடுகிறது, பார்க்காமல் இருந்தால் வருகிறது. கடைசியில் எஞ்சினியர் திரையைப் படம்பிடித்துக் காட்டினார். என்னுடையது. மற்றவர்களின் அலைகளை அத்தனை காலம் பார்த்த நான் என்னுடையதைப் பார்த்தது அன்றுதான். பட்டியைக் கழற்றாமல், டெப்பைக் கையில் ஏந்திக்கொண்டு கென்டீனுக்கு நடந்தேன். உளுந்து வடையைக் கடித்தால் தாடைத் தசையின் மின்சாரம் கோட்டையெல்லாம் கறுப்பாக்கியது. பிளேன்டீயை ஊதிக் குடித்தால் கோடு மெல்ல ஆடியது. எதிரே வந்த அட்டெண்டன் ஒருவர், மிஸ்ஸுக்குத் தலையில் காயமா என்று கவலையோடு விசாரித்தார்.

இதே வகைப் பட்டிகளை வெளிநாடுகளில் தியானத்துக்கும் நித்திரைக்கும் என்று விற்கிறார்களாம். தலையில் போட்டுக்கொண்டு அமைதியாக உட்கார்ந்தால், எவ்வளவு அமைதியாக இருந்தோம் என்று போன் மார்க் போடும். குழுவிடம் அப்படியும் ஒன்று இருந்தது. ஒரு சனி, ஞாயிறுக்கு வீட்டுக்குக் கொண்டுபோக எஞ்சினியர் தந்தார். என் கணவர் கணித ஆசிரியர். மார்க் என்றால் விடமாட்டார். குளித்து, திருநீறு பூசி, சாமி அறையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். போன் கொடுத்த மார்க்கைப் பார்த்து அவர் முகம் சுருங்கிவிட்டது. பின்னேரம் சாய்மனைக் கதிரையில் கிரிக்கெட் பார்க்கும்போது மறுபடி மாட்டிக்கொண்டார். விக்கெட் ஒன்றும் விழாத சோம்பல் ஆட்டம், அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். போன் அவரைப் புகழ்ந்து தள்ளியது. "இது பேப்பர் திருத்தத் தெரியாத வாத்தியார்" என்று சொல்லிக் கழற்றிவைத்தார்.

திங்கட்கிழமை எஞ்சினியரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். அலை உண்மை. அதற்கு அமைதி என்று பெயர் வைத்து மார்க் போடுவது, செய்து விற்பவர்களின் ஊகம். ஆடாமல் அசையாமல் கண்ணை மூடியிருந்தாலே மார்க் ஏறிவிடும். எங்கள் ஆய்வில் மார்க் கிடையாது, வெறும் கோடுதான், அதை மனிதக் கண்தான் வாசிக்கும் என்றார். அந்தக் கண் என்னுடையது என்று நினைத்தபோது பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஆனால் பட்டியை யாரும் தலையில் வைத்திருக்கச் சம்மதிக்கவில்லை. இதை நாங்கள் இரண்டு பேரும் எதிர்பார்க்கவேயில்லை. கலேவெலவிலிருந்து வந்த ஒருவர் ஆசையாகத்தான் கட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்களாம், பக்கத்து சீட்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாராம். தம்புள்ளை வருவதற்குள் கழற்றிப் பையில் போட்டுவிட்டார். ஒரு தாய் தன் மகளுக்குக் கட்டவே விடவில்லை. ஊர் கண்டால் நாளைக்குக் கல்யாணம் பேச வருபவர்களிடம் யாராவது சொல்வார்கள் என்று மெதுவாகச் சொன்னார். அவரிடம் நான் என்ன வாதாட முடியும்? லக்கலவில் காடு வெட்டிச் சேனைப்பயிர் செய்கிற ஒருவர், டப்பாவில் மினுங்குகிற பச்சை வெளிச்சத்தைக் காட்டி, யானைக் காவலுக்குப் போகிறவன் தலையில் இப்படி ஒரு விளக்கை ஏற்றலாமா என்று எஞ்சினியரிடமே சிங்களத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. எஞ்சினியர் அன்று மத்தியானச் சோற்றை அரைவாசியில் மூடிவைத்துவிட்டார். கருவி வேலை செய்கிறது, தலைதான் கிடைக்கவில்லை என்றார்.

அப்படி இருக்கும்போதுதான் நாவுலவிலிருந்து அந்தப் பெண் வந்தார்.

அவரை எனக்கு முன்பே தெரியும். நாற்பது வயதிருக்கும், முஸ்லிம் பெண். கணவரோடு சேர்ந்து பிரதான வீதியில் மரக்கறிக் கடை நடத்துகிறவர். இரண்டு தடவை அவருக்குப் பதிவெடுத்திருக்கிறேன், இரண்டும் சாதாரணம். சில வேளைகளில் எங்கிருந்தோ ரப்பர் கருகுகிற வாசம் வரும், வயிற்றுக்குள் ஏதோ எழும்பும், பிறகு கொஞ்ச நேரத்துக்கு என்ன நடந்தது என்று தெரியாது என்பார். விழுவதில்லை, கை கால் இழுப்பதில்லை. பார்க்கிறவர்களுக்கு யோசித்துக்கொண்டு நிற்பதுபோல் தெரியும். யாரோ மனஅழுத்தம் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதைக் குடித்தால் நித்திரை வந்ததே தவிர, கருகல் வாசம் போகவில்லை. ஒருநாள் ஸ்கூட்டியில் போகும்போது வாய்க்காலுக்குள் இறங்கியிருக்கிறார். அதிலிருந்து எங்கள் டொக்டர் ஸ்கூட்டியைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். கணவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துதான் கிளினிக்குக்கு வருவார்.

அன்று உள்ளே வந்ததும் கதிரையில் உட்கார்ந்து, "மிஸ், ஒங்கட மிஷினுக்கு என்னைக் கண்டா வெக்கமா? நான் வந்தா மட்டும் ஒண்ணையும் காட்ட மாட்டேங்குது" என்றார்.

எஞ்சினியர் பட்டியை எடுத்துச் சிங்களத்தில் விளக்கினார், அவர் வேகத்தில் விட்டுப்போனதை நான் தமிழில் சொன்னேன். கலேவெலக்காரருக்கு நடந்ததையும் மறைக்கவில்லை. அந்தப் பெண் பட்டியை வாங்கி, கையில் வைத்துப் பாரம் பார்த்தார். மரக்கறிக்காரர் கை. பிறகு, ஆண்கள் யாரும் வரமாட்டார்களா என்று கேட்டுவிட்டு, நான் கதவைச் சாத்தியதும் முக்காட்டை அவிழ்த்தார். எஞ்சினியர் பட்டியைச் சரியாகப் பொருத்தி டப்பாவைக் காதுக்குப் பின்னால் ஒட்டினார். அதற்கு மேல் அவர் உள்தொப்பியைப் போட்டு, முக்காட்டைச் சுற்றி, ஊசி குத்தி, எங்கள் பக்கம் திரும்பினார்.

"இப்ப பாருங்க. தெரியுதா?"

ஒன்றும் தெரியவில்லை. நான் இந்தப் பக்கமும் எஞ்சினியர் அந்தப் பக்கமுமாக அவரைச் சுற்றி வந்து பார்த்தோம். பச்சை வெளிச்சம்கூடத் தெரியவில்லை. துணியின் இறுக்கத்தில் உணரிகள் தலையோடு இன்னும் நன்றாகப் பதிந்திருந்தன. டெப்பில் கோடுகள் தெளிவாக ஓடின. எஞ்சினியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குழு மாதக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்ட சிக்கலை இந்த அம்மா ஒரு ஊசியைக் குத்தித் தீர்த்துவிட்டார் என்று சிங்களத்தில் சொன்னார். அந்தப் பெண்ணுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்பதால் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. சத்தமில்லாமல் சிரித்தார்.

பிறகு எஞ்சினியருக்கு ஒரு பயம் வந்தது. தொழுகைக்கு முன் வுளூ எடுக்கும்போது கை, முகம் கழுவி, தலையையும் ஈரக் கையால் தடவ வேண்டுமே, தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? அதையும் அந்தப் பெண்ணே தீர்த்தார். தலையில் ஒரு பகுதியைத் தடவினாலே போதும், பட்டி இல்லாத உச்சியில் தடவிக்கொள்கிறேன் என்றார்.

பட்டியைச் சரிபார்த்து முடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அவர் வீட்டுக் கதையைச் சொன்னார். கணவரின் மூத்த சகோதரி ஒரு பெருநாளன்று குடும்பத்தோடு சாப்பிட வந்து நின்றிருக்கிறார். வீட்டில் தங்களுக்கு அளவாகத்தான் சமைத்திருந்தார்கள். அவர்கள் வருவதை முதல் நாளே சொன்னேன் என்றார் கணவர். சொல்லவேயில்லை என்றார் இவர். வந்தவர்கள் முகம் கறுத்துத் திரும்பிப் போனார்கள். அதற்குப் பிறகு அந்த மதினி அவர்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கணவர் சொன்னதைச் சொல்லவில்லை என்று சாதிக்கிறவள் என்ற பெயர் இவருக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது.

"நோய்னா சகிச்சிக்கலாம் மிஸ். பொய்க்காரின்னு பேர் வந்தா எப்பிடி சகிக்கிறது?" என்றார்.

பட்டியோடு அவர் கணவரின் பைக்கில் ஏறிப் போனார்.

இரண்டு நாள் கழித்து, காலையில் டெப்பைத் திறந்தேன். முந்திய நாளின் பதிவு முழுவதும் வந்திருந்தது. பார்த்தால் ஒரே கறுப்பு. பேச்சு. காலையிலிருந்து பின்னேரம்வரை அவர் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். விலை சொல்லி, பேரம் பேசி, கூப்பிட்டு, அதட்டி. தாடையும் கன்னமும் செய்த மின்சாரம் மூளையின் அலையை மூடிவிட்டது. கொஞ்சம் குறைத்துப் பேசச் சொல்லலாமா என்று எஞ்சினியர் போனில் கேட்டார். மரக்கறிக் கடைக்காரியிடம் போய் அதைச் சொல்வதா என்று நான் சிரித்தேன். இரைச்சலை வடிகட்ட அவர் தன் கணினியில் ஏதோ செய்தார், நான் கண்ணால் செய்தேன்.

பார்க்கப் பார்க்க எனக்குப் பித்துப் பிடித்தது. ஒரு மனுஷியின் முழு நாள் அங்கே கிடந்தது. இந்தக் கறுப்பு, வாடிக்கையாளர். இந்தத் தாளம், சோற்றை மெல்லுவது. இங்கே திடீரென்று கோடுகள் தெளிகின்றன, தலை குனிந்து நிமிரும்போது மட்டும் அகலமாக ஒரு ஆட்டம்: மத்தியான லுஹர் தொழுகை. பிறகு மறுபடி கறுப்பு. இரவில் நித்திரையின் பெரிய மெதுவான அலைகள், அவற்றுக்கு நடுவே நூல்கண்டுபோல் குட்டிக் குட்டியாக எழுந்து அடங்கும் அலைகள். அரை மணி நேரத் துண்டுகளையே பார்த்துப் பழகிய கண் எனக்கு. ஒரு தெருவை ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தவளைத் தெருவிலேயே இறக்கிவிட்ட மாதிரி இருந்தது. கணவர் சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை என்று வீட்டில் புகார்.

உணரிகளின் ஒட்டுப்பொருளை இடையில் மாற்ற வேண்டும். அவரைக் கடையை விட்டு வரச் சொல்லாமல் நானே பஸ் ஏறினேன். நாலந்தையைத் தாண்டியதும் வெயில் மாறிவிடும். நாவுலவில் இறங்கும்போது சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தகரக் கூரை போட்ட கடை. ஒரு பக்கம் வட்டக்காய் அடுக்கு, மறுபக்கம் வெங்காய மூட்டைகள், நடுவில் போஞ்சியும் கத்தரிக்காயும் கறிமிளகாயும் குவியல் குவியலாக. அவர் எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டு, கடைக்குப் பின்னால் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த கணவரிடம் இஞ்சி போட்ட பிளேன்டீக்குச் சொன்னார். பட்டியில் எந்த உணரி தளர்ந்திருக்கிறது என்று பார்க்க நான் டெப்பை அவர் போனோடு இணைத்து மடியில் வைத்துக்கொண்டேன். கடைக்கு ஒருவர் வந்து போஞ்சி கேட்டார். இவர் பேசிக்கொண்டே அள்ளினார். திரை கறுப்பாக ஓடியது.

திடீரென்று கறுப்பு நின்றது.

பேச்சை நிறுத்திவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த கணம் வலப்பக்கக் கோடுகளில், காதுக்கு மேலே உள்ள இடத்தில், மெல்லிய அலை ஒன்று தொடங்கியது. சின்னதாக, ஊசித்தையல் போட்டதுபோல் வரிசையாக. பிறகு ஒவ்வொன்றும் கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் மெதுவாக, பக்கத்துக் கோட்டையும் சேர்த்துக்கொண்டு. பாடத்தில் படித்திருக்கிறேன். மற்றவர்களின் பதிவுகளில் பார்த்திருக்கிறேன். என் கண் முன்னால் ஓடி நான் பார்த்ததில்லை.

தலையை உயர்த்தினேன். அவர் கை தராசுத் தட்டுக்கு மேலே நின்றிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. உதடுகள் எதையோ சுவைப்பதுபோல் அசைந்தன. இடது கை முக்காட்டின் ஓரத்தைத் திரும்பத் திரும்ப வருடியது. வாங்க வந்தவர் குவியலிலிருந்து ஒரு போஞ்சியை எடுத்து முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. யோசிக்கிறார் என்று நினைத்திருப்பார்.

டெப்பைக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்து போனேன். வட்டக்காய் வெட்டுகிற கத்தியை எட்டாத இடத்துக்குத் தள்ளிவிட்டு, அவர் பக்கத்தில் நின்று, நான் இருக்கிறேன், பயப்பட ஒன்றுமில்லை என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் நெஞ்சு அடித்த அடி எனக்கே கேட்டது. அவருக்காகப் பதறியது ஒரு பாதி. பதிவாகிறது, பதிவாகிறது என்று குதித்தது மறு பாதி. ஒருவருக்கு வலிப்பு வரும்போது சந்தோஷப்படுகிறேனே என்று உறுத்தியது. சந்தோஷம் அதற்காக அடங்கவில்லை.

சிறிது நேரத்தில் உதடுகள் நின்றன. ஒரு பெருமூச்சு. கையிலிருந்த போஞ்சியைப் பார்த்தார், வந்தவரைப் பார்த்தார், என்ன கேட்டீங்க என்று விசாரித்தார். பிறகு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

"மிஸ் ஏன் எழும்பி வந்தீங்க?"

"உங்களுக்கு இப்ப வந்துச்சு."

"இப்பயா? வாசம்கூட வரல்லியே." கொஞ்சம் நிதானித்தார். "மிஷின் பிடிச்சிச்சா?"

"பிடிச்சிருச்சு."

வந்தவருக்குப் போஞ்சியை நிறுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் வந்து பார்த்தார். நான் பதிவைப் பின்னோக்கி நகர்த்திக் காட்டினேன். இது நீங்கள் பேசியது, இது நின்றது, இதோ இங்கே தொடங்குகிறது. ஒரு விரலை அந்த இடத்தில் வைத்தார். அலை பெரிதாகிப் பெரிதாகி, பிறகு அடங்கும் இடம்வரை விரலை இழுத்துக்கொண்டு போனார்.

"இங்கேருந்து இதுவரைக்கும் நான் இல்ல" என்றார்.

பிளேன்டீயோடு வந்த கணவரும் குனிந்து பார்த்தார். என்ன நடந்தது என்று நான் சொன்னதும் தேத்தண்ணிக் கோப்பையை வெங்காய மூட்டையின் மேல் வைத்துவிட்டார். இவள் இப்படி நிற்பதை எத்தனையோ தடவை கண்டிருப்பதாகச் சொன்னார். மனக்கணக்குப் போடுகிறாள், குழப்பக் கூடாது என்று விட்டுவிடுவாராம்.

திரும்பி வந்த பஸ்ஸில் எனக்கு உட்காரச் சீட் கிடைத்தும் உட்கார முடியவில்லை. எஞ்சினியருக்குப் போன் எடுத்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பதிவைத் தொலைத்துவிடாமல் இரண்டு இடத்தில் சேமிக்கச் சொன்னார்.

மற்ற நாட்களின் பதிவுகளை அதற்குப் பிறகு புதுக் கண்ணோடு பார்த்தேன். எதைத் தேட வேண்டும் என்று இப்போது தெரியும். அதே இடத்தில், அதே ஊசித்தையல். கடையில், சமையலறை நேரத்தில், நித்திரையிலும்கூட. கருகல் வாசம் வரும்போது டப்பாவின் பட்டனை அழுத்தி அவர் அடையாளம் வைத்தவை சிலதான். அவருக்கே தெரியாமல் வந்துபோனவை அதைவிட அதிகம். டொக்டர் ஒவ்வொன்றையும் பார்த்தார். சிலவற்றை இது தசை இரைச்சல் என்று தள்ளினார், மற்றவற்றை ஒப்புக்கொண்டார். வலது பொட்டுமடலிலிருந்து, காதுக்கு மேலே உள்ள மூளைப் பகுதியிலிருந்து, எழுகிற வலிப்பு என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கணவனையும் மனைவியையும் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார். சிங்களத்தில் சொன்னதை, ஒரு சொல்லும் தவறாமல் இருக்க, நான் தமிழிலும் சொன்னேன். பைத்தியமில்லை, மனப்பிரமையில்லை. மருந்து இருக்கிறது. அந்த அலை ஓடும் நேரத்தில் கண் திறந்திருக்கும், சில வேளை தலையைக்கூட ஆட்டுவார், ஆனால் நடப்பது எதுவும் நினைவில் பதியாது.

கணவர் மடியிலிருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு என்னிடம், "அப்ப அந்த நேரத்துல நான் ஏதாச்சும் சொன்னா, இவளுக்குப் போய்ச் சேந்திருக்காதா, மிஸ்?" என்று கேட்டார்.

டொக்டரிடம் கேட்டேன். சேர்ந்திருக்காது என்றார் அவர்.

அவர் கேட்டது அந்தப் பெருநாளைப் பற்றி. அந்த அறையில் எங்கள் மூன்று பேருக்கும் அது புரிந்தது. "நான் சொன்னதும் உண்மை, இவ கேக்கல்லன்னதும் உண்மை" என்று கணவர் தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். அவர் மனைவி முக்காட்டின் நுனியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கிளினிக்கிலிருந்து கணவர் நேரே தன் மூத்த சகோதரி வீட்டுக்குப் பைக்கை விட்டாராம். அந்த மதினி முதலில் நம்பவில்லையாம், வாயைத் திறந்து சொன்னால் காதில் விழாமல் போகுமா என்று கேட்டாராம். அதற்கு மனைவி, பதிவு அழிந்துவிடுமோ என்று பயந்து தன் போனில் முன்பே எடுத்துவைத்திருந்த அந்தக் கோட்டின் படத்தைக் காட்டியிருக்கிறார். மதினிக்குக் கோட்டில் ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் தம்பியின் மனைவி அதில் விரலை வைத்து இழுத்து, இங்கேருந்து இதுவரைக்கும் நான் இல்ல என்று சொன்னது விளங்கியிருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை புரியாணிச் சட்டியோடு அவரே நாவுலவுக்கு வந்துவிட்டாராம். இதையெல்லாம் அடுத்த கிளினிக்கில் இவர் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு எங்கள் அறைக்கு முன்னால் கூட்டம் மாறியது. இவர் சொல்லி இன்னும் இரண்டு பெண்கள் பட்டியை முக்காட்டுக்குள் போட்டுக்கொள்ள வந்தார்கள். எஞ்சினியருக்கோ நித்திரை போய்விட்டது. முக்காடு போடாதவர்கள் என்ன செய்வது என்ற யோசனையில், தொப்பிக்குள் வைப்பது, ஹெல்மெட்டின் உள்துணியில் தைப்பது, கொண்டை வலைக்குள் மறைப்பது என்று ஒவ்வொரு வாரமும் ஏதாவது செய்துகொண்டு வருவார். எல்லாவற்றையும் என் தலையில்தான் முதலில் பார்ப்பார். ஒருநாள் கோயிலுக்குப் போகும்போது மல்லிகைச் சரத்துக்குக் கீழே பட்டியோடு போனேன். பக்கத்தில் நின்று கும்பிட்ட யாருக்கும் தெரியவில்லை. பூசை மணி அடித்தபோது என் கோடு எப்படி இருந்தது என்று பார்க்க வீடுவரை பொறுக்க முடியாமல், செருப்பு விட்ட இடத்திலேயே டெப்பைத் திறந்தேன். என் கணவர் யாரோ தெரியாதவர்போல் பத்தடி தள்ளி நடந்து வந்தார்.

புது மருந்து தொடங்கிச் சில மாதங்களுக்குப் பிறகு, அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க நாவுலப் பெண் மறுபடி ஒரு வாரம் பட்டியை அணிந்தார். மருந்தை டொக்டர் மெல்ல மெல்லக் கூட்டியிருந்தார். முதல் வாரங்களில் தலைச்சுற்று இருந்தது, பிறகு பழகிவிட்டது. பதிவு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பேச்சு, மெல்லுவது, தொழுகை, நித்திரை. மறுபடி பேச்சு. வலப்பக்கத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். இரவுகளைத் தனியாகப் பார்த்தேன். எஞ்சினியர் தன் பக்கத்தில் கணினியைத் தேடவிட்டிருந்தார். டொக்டரும் கடைசியில் உட்கார்ந்து பார்த்தார். ஒரு வாரத்தை வைத்துக் குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது, மருந்தை விடக் கூடாது, ஸ்கூட்டிக்கும் இன்னும் காலம் இருக்கிறது என்று எச்சரித்துவிட்டு, இதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள் என்று என்னிடம் விட்டுவிட்டார்.

போன் எடுத்தேன். பின்னால் கடைச் சத்தம்.

"ஒரு வாரம் முழுக்கப் பாத்துட்டோம்" என்றேன். "ஒண்ணுமே இல்ல. நீங்க பேசினது மட்டுந்தான் இருக்கு."

மறுபக்கத்தில் அவர் குரல் வரவில்லை, கடைச் சத்தம் மட்டும். மறுபடி வந்துவிட்டதோ என்ற பயத்தில் நான் போனைக் காதோடு இறுக்கிக்கொண்டேன். அவர் போனைத் தள்ளிப் பிடித்துக் கணவரிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் திரும்பி வந்து. "மிஸ், கொஞ்சம் இருங்க. லொறி வந்து நிக்கிது, தக்காளிய நசுக்கிப்புடுவாங்க."

போனைக் கட் பண்ணாமல் வட்டக்காய் மேலேயோ எங்கேயோ வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் லொறிக்காரரை அதட்டுகிற குரல் தூரத்தில் கேட்டது. நான் போனை வைக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு, அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிடக் கதவைத் திறந்தேன்.